வீட்டு அறையே ஸ்டுடியோ: விளக்குகள் வாங்குவது பற்றிய கேள்விகளும் பதில்களும்

வீட்டில் ஓர் அறையை ஒழித்துப் புகைப்பட ஸ்டுடியோவாக்க விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெரும்பாலோர் சொல்லும் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, பத்தடிக்கு மிகாத கூரை, நடுவில் மின்விசிறி, ஒரே ஒரு ஜன்னல். அந்த அறையை மனத்தில் வைத்தே எல்லாப் பதில்களும் எழுதப்பட்டிருக்கின்றன; பெரிய கூடத்துக்கு இவற்றில் சில பொருந்தா.

கேள்வி: ஐயா, மதுரையில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஆட்களைப் படம் எடுக்கத் தொடங்குகிறேன். எல்இடி வாங்குவதா, ஃப்ளாஷ் வாங்குவதா? எல்இடியில் நிழல் எங்கே விழுகிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: வீடியோவும் எடுப்பீர்கள் என்றால் எல்இடி தவிர வேறு வழியில்லை. படம் மட்டும் என்றால் நான் ஃப்ளாஷையே சொல்வேன். 60 வாட் எல்இடி ஒரு நொடியில் 60 ஜூல் ஆற்றலைச் செலவிடுகிறது. ஷட்டரை நொடியில் 125இல் ஒரு பங்கு வைத்தால், அது திறந்திருக்கும் நேரத்தில் அந்த விளக்கு செலவிடுவது அரை ஜூலுக்கும் குறைவு. 200 வாட்-செகண்டு ஸ்டுடியோ ஃப்ளாஷோ முழுச் சக்தியில் 200 ஜூலையும் அதே நேரத்துக்குள் கொடுத்துவிடுகிறது. மின்சாரத்தை ஒளியாக்குவதில் எல்இடி கூடுதல் திறமையுள்ளது என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டாலும் இந்த இடைவெளி எளிதில் நிரம்பாது.

இதன் விளைவு படத்தில் நேரடியாகத் தெரியும். சிறிய எல்இடியை சாஃப்ட்பாக்ஸுக்குள் (ஒளியை மென்மையாக்கும் துணிப் பெட்டிக்குள்) வைத்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, 800, 1600 என்று ஏற்ற வேண்டியிருக்கும். அல்லது அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) அகலத் திறக்க வேண்டியிருக்கும், அப்போது முகம் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு கண் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் வரும். ஃப்ளாஷில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8 (சிறிய துவாரம்) என்று நிம்மதியாக எடுக்கலாம். அந்த அமைப்பில் ஷட்டரை 200இல் ஒரு பங்கு வைத்தால் அறையின் டியூப்லைட் படத்தில் பதிவதே இல்லை. ஆகவே இரண்டு நிற வெளிச்சங்கள் கலக்கும் தொல்லையும் போய்விடும். ஷட்டரை அதற்கு மேல் வேகமாக வைக்காதீர்கள். பெரும்பாலான கேமராக்களில் 200 அல்லது 250 என்ற வரம்பைத் தாண்டினால் படத்தின் ஓர் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும்.

நிழலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற உங்கள் தேவை நியாயமானது. ஸ்டுடியோ ஃப்ளாஷில் மாடலிங் விளக்கு என்று ஒரு சிறு விளக்கு உடன் எரிந்துகொண்டே இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு அதை வைத்தே மூக்கின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கடைக்காரர் 400 வாட்-செகண்டு ஸ்ட்ரோப் (ஸ்டுடியோ ஃப்ளாஷ்) வாங்கச் சொல்கிறார், சக்தி கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்கிறார். சரியா?

பதில்: உங்கள் அறைக்குச் சரியில்லை. சிறிய அறையில் கூடுதல் சக்தி தேவைப்படும் நேரத்தைவிட, விளக்கைப் போதிய அளவு குறைக்க முடியாமல் தவிக்கும் நேரமே அதிகம். விலை குறைந்த பல ஸ்ட்ரோப்களில் பதினாறில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க முடியாது. 400இல் பதினாறில் ஒரு பங்கு 25 ஜூல். பின்னணி மங்கலாக வேண்டுமென்று எஃப் 2 (அகலத் துவாரம்) வைத்து, விளக்கை முகத்திலிருந்து மூன்றடியில் நிறுத்தினால் அதுவே மிதமிஞ்சிப் போகும். கோடாக்ஸ் ஏடி200 போன்ற பேட்டரி ஃப்ளாஷ்கள் 200 வாட்-செகண்டிலிருந்து 128இல் ஒரு பங்குவரை, அதாவது ஒன்றரை ஜூல் அளவுவரை இறங்கும். எனவே கடையில் உச்சச் சக்தியைக் கேட்கும்போது கீழ் எல்லையையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: குடை போதுமா, சாஃப்ட்பாக்ஸ் வாங்க வேண்டுமா? எந்த அளவு?

பதில்: விளக்கில் மாட்டும் குடை விலை குறைவு, விரித்து மாட்டுவதும் எளிது. ஆனால் அது ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கும். பெரிய கூடத்தில் சிதறிய ஒளி தொலைவில் போய் மறைந்துவிடும். பத்தடி அறையில் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வந்து, நீங்கள் கவனமாக உருவாக்கிய நிழலை நிரப்பிவிடும். அதனால் இந்த அறைக்கு கிரிட் (ஒளி பக்கங்களில் சிதறாமல் தடுக்கும் கட்டவலை) மாட்டக்கூடிய 90 சென்டிமீட்டர் எண்கோண சாஃப்ட்பாக்ஸைப் பரிந்துரைக்கிறேன். 120 சென்டிமீட்டர் இன்னும் அழகுதான். ஆனால் அதன் மையத்தைத் தலைக்கு மேலே ஏழடி உயரத்துக்குக் கொண்டுபோனால் மேல்விளிம்பு ஒன்பதடியைத் தொடும். அங்கே மின்விசிறி இருக்கிறது. விளக்கை உயர்த்துவதற்கு முன்னால் விசிறியின் சுவிட்சை அணைத்து அதன்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். அறைக்குள் வருகிற யாரோ ஒருவர் புழுக்கத்தில் கை நீட்டிப் போட்டுவிடுவார்.

மென்மை என்பது துணியின் தரத்தால் வருவதல்ல, முகத்திலிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதால் வருவது. 90 சென்டிமீட்டர் பெட்டியை ஏறத்தாழ அதே 90 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துத் தொடங்குங்கள். கன்னத்தில் விழும் மூக்கு நிழலின் விளிம்பைப் பாருங்கள்: கோடு தெளிவாகத் தெரிந்தால் விளக்கு தூரத்தில் இருக்கிறது, தோல் நிறத்தோடு படிப்படியாகக் கரைந்தால் இடம் சரி.

பெட்டி எதுவானாலும் போவன்ஸ் மவுண்ட் (பெட்டியை விளக்கோடு பூட்டும் வளையம்) உள்ளதாக இருக்கட்டும். அந்த மவுண்டை உருவாக்கிய பிரிட்டிஷ் நிறுவனம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் பல நிறுவனங்கள் அதே மவுண்டில் செய்வதால், நாளை விளக்கை மாற்றினாலும் பெட்டி உங்களிடம் பயன்படும்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவர் இளம்பச்சை. வாடகை வீடு, வர்ணம் மாற்ற முடியாது. படத்தில் எல்லோருடைய கன்னமும் நோயாளிபோல் வருகிறது.

பதில்: சுவரில் பட்டுத் திரும்பும் பச்சை ஒளி நிழல் பக்கத்தில் ஏறுகிறது. இதை ஒயிட் பேலன்ஸால் (கேமராவின் நிறச் சமன் அமைப்பால்) சரிசெய்ய இயலாது, ஏனென்றால் விளக்கின் பக்கம் சரியாகவே இருக்கிறது. நிழலைத் திருத்தினால் வெளிச்சப் பக்கம் கெடும். ஆளின் நிழல் பக்கத்தில், இரண்டு மூன்றடி தூரத்தில், திரைக்கம்பியில் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். பளபளப்பில்லாத துணியாக இருக்க வேண்டும். பாப்ளின் போதும், சாட்டின் கூடாது. நிழல் மிகவும் அடர்ந்துவிட்டால் துணிக்கு முன்னால் வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்துங்கள். நிறமில்லாத கறுப்பும் வெள்ளையும் மட்டுமே ஆளைச் சூழ்ந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். சிறிய அறையில் இரண்டாவது விளக்குக்கு முன்னால் வாங்க வேண்டியது இந்தத் துணியும் பலகையும்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

கேள்வி: பின்னணித் திரைகள் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றும் வாங்க இடமில்லை. எது முதலில்?

பதில்: வெள்ளை ஒன்று போதும். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். தூரம் இரட்டித்தால் ஒளி கால் பங்கு. விளக்கு முகத்திலிருந்து 70 சென்டிமீட்டரிலும் வெள்ளைத் திரை விளக்கிலிருந்து 210 சென்டிமீட்டரிலும் இருந்தால், திரைக்குக் கிடைப்பது முகத்துக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்கு. அது அடர் சாம்பலாகவே பதியும். கிரிட் மாட்டி, விளக்கு திரையைப் பார்க்காதபடி சாய்த்தால் இன்னும் கறுக்கும். அதே திரை வெள்ளையாகவே வேண்டுமானால் விளக்கைப் பின்னுக்கு நகர்த்துங்கள், ஆளைத் திரைக்கு அருகே அழையுங்கள்.

கேள்வி: காஞ்சிபுரத்திலிருந்து எழுதுகிறேன். பட்டுச் சேலைகளை இணையத்தில் விற்கிறோம். படத்தில் பார்த்த நிறம் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். எந்த விளக்கு வாங்கினால் இது தீரும்?

பதில்: இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் விளக்கின் குறை பாதி, பட்டின் இயல்பு பாதி.

விளக்கைப் பொறுத்தவரை, அது வரும் அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற மதிப்பு) 95 என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்த எண் எட்டு வெளிர் நிறங்களை வைத்துக் கணக்கிடப்படும் சராசரி. ஆர்9 எனப்படும் அடர் சிவப்பு அந்தச் சராசரியில் சேராது. அரக்கும் மெரூனும் குங்குமச் சிவப்புமாக இருக்கும் உங்கள் சரக்குக்கு அந்த ஆர்9தான் முக்கியம். எல்இடி வாங்குவதானால் ஆர்9 மதிப்பைத் தனியாகக் கேளுங்கள். சொல்ல மறுக்கும் விளக்கை விட்டுவிடுங்கள். ஃப்ளாஷின் செனான் குழாய் பகல் ஒளியை ஒத்த தொடர் நிறமாலையைக் கொடுப்பதால் இந்தக் கவலை குறைவு. எந்த விளக்கானாலும், படம் எடுக்கும்போது டியூப்லைட்டை அணையுங்கள், ஜன்னலை மூடுங்கள், முதல் படத்தில் சேலையின்மேல் சாம்பல் அட்டை ஒன்றை வைத்து எடுத்து அதற்கு ஒயிட் பேலன்ஸைப் பொருத்தி, அன்றைய படங்கள் முழுவதற்கும் அதையே வையுங்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் சிவப்புச் சேலை ஒன்றைப் பார்த்தால் அதன் சிவப்பையே குறைத்துக் காட்ட முயலும்.

அடுத்தது பட்டின் இயல்பு. மயில்கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். பார்க்கும் கோணம் மாறினால் நீலம் பச்சையாகும். இந்தச் சேலைக்கு ஒரே ஒரு சரியான நிறம் கிடையாது, ஆகவே ஒரே படத்தில் அதைச் சொல்லவும் முடியாது. முந்தானையை மடிப்பு மடிப்பாக விட்டு, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக நிறுத்தி ஒரு படம் எடுங்கள். மடிப்பின் ஒரு சரிவில் ஒரு நிறமும் மறு சரிவில் மற்றதும் தெரியும். அதே பக்க ஒளியில்தான் நெசவின் இழையும் புட்டாவின் மேடும் தெரியும். கேமராவுக்கு மேலிருந்து நேராக விளக்கடித்தால் இவை எல்லாம் தட்டையாகிவிடும். சரிகைக்கு மட்டும் எதிர்ப்பக்கத்தில் பெரிய தெர்மாகோல் பலகை வேண்டும். சரிகை தன்மேல் படும் ஒளியைக் கண்ணாடியைப்போல் திருப்பி அனுப்புவது. அதற்கு எதிரே வெள்ளையாக எதுவும் இல்லையென்றால் தங்கம் பழுப்பாகிவிடும்.

கேள்வி: நாச்சியார்கோவில் பித்தளைக் குத்துவிளக்குகளைப் படம் எடுக்கிறேன். அறை முழுவதும் விளக்கில் தெரிகிறது, நானும் தெரிகிறேன். போலரைசர் ஃபில்டர் வாங்கினால் போய்விடுமா?

பதில்: போகாது. கண்ணாடி, நீர், வார்னிஷ் போன்றவற்றின் பிரதிபலிப்பைத்தான் போலரைசர் தனியாகக் குறைக்கும். வெற்று உலோகத்தின்மீது அது வேலை செய்வதில்லை. துலக்கிய பித்தளைக்குப் பிரதிபலிப்பைத் தவிர வேறு தோற்றம் கிடையாது. எனவே அதைப் போக்க முயலாமல், அது எதைப் பிரதிபலிக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

குத்துவிளக்கைச் சுற்றி அரைவட்டமாக வெள்ளை வேட்டியையோ பட்டர் பேப்பரையோ தொங்கவிட்டு, ஃப்ளாஷை அதற்கு வெளியே நிறுத்தித் துணியின்மேல் அடியுங்கள். துணி முழுவதும் ஒளிர வேண்டும். இப்போது தண்டு முழுக்க வெள்ளையாகி உருட்சி போய்விட்டதாகத் தோன்றும். கறுப்புச் சார்ட் அட்டையை இரண்டு அங்குலப் பட்டைகளாக வெட்டி, படத்தின் சட்டகத்துக்குச் சற்று வெளியே இருபுறமும் செங்குத்தாக நிறுத்துங்கள். தண்டின் இரு விளிம்புகளிலும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு மேலிருந்து கீழ்வரை ஓடும்; கணுக்களில் அது வளைந்து வளைந்து செல்லும்போது விளக்கின் கடைசல் வேலை அப்படியே வெளிப்படும். உச்சியிலிருக்கும் அன்னத்தின் கழுத்துக்குத் தனியாக ஒரு சிறிய பட்டை தேவைப்படலாம். எண்ணெய்த் தட்டின் குழியில் கேமரா தெரிவதைத் தவிர்க்க, 85 முதல் 100 மில்லிமீட்டர் லென்ஸுடன் பின்னால் தள்ளி நின்று, முன்பக்கத் துணியில் ஒரு சிறு திறப்பு வழியே எடுங்கள். விளக்கைக் கையுறையோடு தொடுங்கள். ஒளி இவ்வளவு சீராக இருக்கும்போது ஒரு விரல்ரேகையும் மறையாது.

கேள்வி: கண்ணாடி அணிந்தவர்களுக்கு என்ன செய்வது?

பதில்: விளக்கை இன்னும் உயர்த்துங்கள். கண்ணாடியின் காதுப்பகுதியைக் காதிலிருந்து சிறிதளவு மேலே தூக்கினால் வில்லை கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு கேமராவை விட்டு விலகும். இது போதும்.

கேள்வி: அப்பாவின் பழைய ஃப்ளாஷ் ஒன்று நன்றாக வேலை செய்கிறது. புது கேமராவில் பொருத்தலாமா?

பதில்: நேரடியாகப் பொருத்தாதீர்கள். ஃபிலிம் காலத்து ஃப்ளாஷ்கள் சிலவற்றில் கேமராவோடு சேரும் ட்ரிக்கர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இன்றைய கேமராக்கள் பலவற்றின் சுற்று அதைத் தாங்கும்படி அமைக்கப்படவில்லை. வேறொரு ஃப்ளாஷின் ஒளியைக் கண்டு தானாக எரியும் ஸ்லேவ் ஒன்றைப் பொருத்தி, பின்னணி விளக்காகத் தனியே நிறுத்தலாம். அந்த ஸ்லேவும் எவ்வளவு வோல்ட் தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். பழுதானால் வீட்டில் திறக்கவே கூடாது. அதன் கெபாசிட்டர், பேட்டரியைக் கழற்றிய பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தை வைத்திருக்கும்.

கேள்வி: பச்சிளங்குழந்தைகளைப் படம் எடுக்க நினைக்கிறேன். எந்த விளக்கு ஏற்றது?

பதில்: ஜன்னல் ஒளியே போதிய அளவு கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள், போதாதபோது, பெரிய சாஃப்ட்பாக்ஸுக்குள் குறைந்த சக்தியில் ஃப்ளாஷ். விளக்கின் வகையைவிட அது நிற்கும் விதமே இங்கு முக்கியம். குழந்தைக்கு நேர் மேலே எந்த விளக்கும் தொங்கக் கூடாது. ஒவ்வொரு ஸ்டாண்டின் காலிலும் மணல் மூட்டை இருக்க வேண்டும், தரையில் ஓடும் வயர்களை டேப் போட்டு ஒட்ட வேண்டும், வீட்டார் ஒருவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்கு வசதியில்லை என்றாலும் அன்றைய படப்பிடிப்பைத் தள்ளிவையுங்கள்.

கேள்வி: அடிக்கடி மின்தடை. இன்வெர்ட்டரில் ஸ்ட்ரோப் ஓடுமா?

பதில்: வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவும் சதுர அலை மின்சாரம் தருபவை, அதில் ஸ்ட்ரோபை மாட்ட வேண்டாம். பேட்டரி ஃப்ளாஷ் வாங்குங்கள். மின்சாரத்தில் ஓடும் ஸ்ட்ரோபே உங்களிடம் இருந்தால், எர்த் உள்ள மூன்று முனைச் சாக்கெட்டில் மட்டும் மாட்டுங்கள். எர்த்தை விட்டுவிடும் இரண்டு முனை அடாப்டர் கூடாது.

கேள்வி: இணையத்தில் மூன்று விளக்கு, மூன்று ஸ்டாண்டு, மூன்று சாஃப்ட்பாக்ஸ் என்று ஒரே தொகுப்பாக மலிவாக வருகிறதே, வாங்கலாமா? இல்லையென்றால் எந்த வரிசையில் வாங்குவது?

பதில்: அந்தத் தொகுப்பில் வருவன பெரும்பாலும் வீட்டு பல்புகளை ஒத்தவை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் தரமில்லாத பல்பு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் வேகம் அதோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் பட்டைகள் விழும். ஸ்டாண்டுகளோ சாஃப்ட்பாக்ஸின் எடையில் தலை சாய்ப்பவை. மூன்றின் பணத்தையும் ஒன்றில் போடுங்கள்.

கையிலிருக்கும் தொகையில் பாதிக்கு மேல் ஃப்ளாஷுக்குக் கொடுக்காதீர்கள். மீதியில் முதலில் கனமான ஸ்டாண்டு, அடுத்து கிரிட்டுடன் 90 சென்டிமீட்டர் பெட்டி, பிறகு ரேடியோ ட்ரிக்கர் (கேமராவிலிருந்து ஃப்ளாஷைக் கம்பியில்லாமல் இயக்கும் கருவி), அதன்பின் கறுப்புத் துணியும் இரண்டு தெர்மாகோல் பலகைகளும். ஃப்ளாஷின் சக்தியைக் கேமராவே தானாகக் கணிக்கும் டிடிஎல் வசதிக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். ஆளும் விளக்கும் நகராத அறையில் கையால் சக்தியை அமைப்பதே ஒவ்வொரு படத்திலும் ஒரே அளவைத் தரும். இரண்டாவது விளக்கை, முதல் விளக்கால் எடுக்க முடியாத ஒரு குறிப்பிட்ட படம் உங்கள் வேலையில் திரும்பத் திரும்ப வரும்போது வாங்குங்கள். அப்போது அது தலைமுடிக்கா, பின்னணிக்கா, எந்த அளவில் என்பதையும் அந்த வேலையே சொல்லிவிடும்.