வெள்ளரி சாலட்டில் தண்ணீர் தேங்குகிறதே!

கேள்வி: ஜப்பானிய முறையில் சாலட் செய்ய ஆசைப்பட்டு வெள்ளரி, முள்ளங்கி, கேரட் மூன்றையும் நறுக்கி, சோயா சாஸ், வினிகர், எள் எண்ணெய் ஊற்றிக் கலந்து வைத்தேன். அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. காய் சப்பென்று இருக்கிறது, தண்ணீரோ ஒரே உப்பு. இத்தனைக்கும் உப்பு குறைவாக இருக்குமே என்று வெளிர் நிற சோயா சாஸ்தான் வாங்கினேன். நாங்கள் சைவம். எங்கே தவறினேன்?
- ஒரு வாசகி

பதில்: காயைப் பிழியாமல் விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

வெள்ளரிக்காயில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். உப்புள்ள எது பட்டாலும் அது வெளியே வரத்தான் செய்யும். அதனால் ஜப்பானியர்கள் சாஸ் ஊற்றுவதற்கு முன்பே அதை வரவழைத்துக் கொட்டிவிடுகிறார்கள். இதற்கு 'ஷியோமொமி' என்று பெயர். ஷியோ என்றால் உப்பு, மொமி என்றால் பிசைவது.

இரண்டு வெள்ளரிக்காய், சுமார் 300 கிராம், எடுத்துக்கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டர் கனத்தில் வட்டமாகச் சீவி, தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு (6 கிராம், அதாவது காயின் எடையில் 2 சதவீதம்) தூவிப் புரட்டி, 10 நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு வில்லையை எடுத்து இரண்டாக மடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் இன்னும் நேரமாகவில்லை. ஒடியாமல் துணிபோல் வளைந்தால் தயார். கைப்பிடி கைப்பிடியாக எடுத்து இரு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். முறுக்க வேண்டாம். நான் முதல்முறை மெல்லிய துணியில் கட்டி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கினேன். கிடைத்தது வெள்ளரிக் கூழ்! பிழிந்த பின் ஒரு வில்லையைச் சுவைத்துப் பாருங்கள். கரித்தால் தண்ணீரில் ஒருமுறை அலசி மறுபடி அழுத்தினால் போதும்.

சாஸுக்கு 3 டேபிள்ஸ்பூன் அரிசி வினிகர், 1 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, 1 டீஸ்பூன் சோயா சாஸ். சர்க்கரை முழுக்கக் கரையும்வரை கலக்குங்கள். அரிசி வினிகர் இல்லையென்றால் சாதாரண வெள்ளை வினிகர் 2 டேபிள்ஸ்பூனும் தண்ணீர் 1 டேபிள்ஸ்பூனும் சேர்த்துக்கொள்ளலாம். அதன் கடும் புளிப்பு அப்போதுதான் அடங்கும். இந்த வகை சாலட்டை 'சுனோமோனோ' என்பார்கள். 'சு' என்றால் வினிகர். வழக்கமாக இதற்கு எண்ணெயே கிடையாது. எள் மணம் வேண்டுமென்றால் எள்ளையே போடுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எள்ளை வெறும் வாணலியில் வறுத்து, இரண்டு மூன்று வெடித்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். பாதியை மட்டும் பொடித்து, மீதியை முழுதாகத் தூவுங்கள்.

அந்த வெளிர் நிற சோயா சாஸ் விஷயத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. ஜப்பானில் 'உசுகுச்சி' என்று விற்கும் வெளிர் நிற வகையில் உப்பு சுமார் 18 சதவீதம். வழக்கமான கருநிற வகையில் சுமார் 16தான். நிறம் ஏறாமலிருக்கவே உசுகுச்சியில் உப்பைக் கூட்டிப் புளிக்க வைக்கிறார்கள். வெளிர்ந்திருப்பது நிறம் மட்டும்தான்.

சைவம் என்பதால் இன்னொரு எச்சரிக்கை. 'ஜப்பானிய டிரெஸ்ஸிங்' என்று பாட்டிலில் வருவனவற்றில் பலவற்றில் 'கட்சுவோபுஷி', அதாவது புகையிட்டு உலர்த்திய சூரை மீன், சேர்ந்திருக்கும். லேபிளைப் படிக்காமல் வாங்க வேண்டாம். அந்தச் சுவைக்கு உலர்ந்த 'கொம்பு' கடற்பாசியில் ஒரு சிறு துண்டை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து எடுத்துவிடுங்கள். ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908-இல் 'உமாமி' என்ற ஐந்தாவது அடிப்படைச் சுவையைக் கண்டறிந்ததே இந்தக் கொம்பு ஊறிய நீரிலிருந்துதான்.

கலப்பது சாப்பிட உட்காரும்போதுதான். பிழிந்த காயும் சாஸும் அதுவரை தனித்தனியாகக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும்.

முள்ளங்கியும் கேரட்டும் வேறு கதை. இரண்டையும் தீக்குச்சி கனத்தில் நறுக்கி, கேரட்டைக் குறைவாகவே வைத்து, உப்பில் 15 நிமிடம் விட்டுப் பிழிந்து, சோயா சாஸ் இல்லாமல் வினிகரும் சர்க்கரையும் மட்டும் சேர்த்தால் அது 'நமாசு'. சிவப்பும் வெள்ளையும் மங்கல நிறங்கள் என்பதால் ஜப்பானியப் புத்தாண்டு விருந்தில் இது இருக்கும். ஓர் இரவு ஊறினால் இன்னும் ருசி. முதல் நாளே செய்து வைக்க வேண்டிய விருந்துக்கு வெள்ளரியை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.