மாமாவின் பாட்டிலும் பொன்தாக்கின் பீப்பாயும்

கேள்வி: பிரான்ஸில் 500 வருடப் பழமையான ஒரு தோட்டத்தில் இன்றும் திராட்சையைக் காலால் மிதித்துத்தான் சிவப்பு ஒயின் செய்கிறார்களாம். பாட்டில் அரை லட்சம் ரூபாயாம். பழைய முறையை மாற்றாமல் காப்பாற்றியதற்குக் கிடைத்த விலைதானே அது? மாமா துபாயிலிருந்து வாங்கிவந்த ஒயின் ஒன்று எங்கள் வீட்டு பீரோ மேல் 10 வருடமாக நிற்கிறது. அதற்கும் விலை ஏறியிருக்குமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், கரூர்

பதில்: விலை கிட்டத்தட்ட சரி. காலால் மிதிக்கிற கதைதான் தப்பு.

போர்தோ நகரை ஒட்டிய பெசாக்கில் உள்ள ஓ-பிரியோன் தோட்டத்தைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 1525-ல் ழான் தெ பொன்தாக் என்பவருக்குக் கல்யாணத்தின் மூலம் வந்த நிலம் அது. அந்தக் குடும்பம் பெயர் வாங்கியது பழைய முறையைக் கட்டிக்காத்து அல்ல, மாற்றித்தான்.

அந்தக் காலத்து போர்தோ ஒயின் வெளிறிய சிவப்பு. அடுத்த அறுவடைக்குள் குடித்துத் தீர்க்காவிட்டால் புளித்துப்போகும். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று கேட்பாரும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் ஆர்னோ தெ பொன்தாக் வேறு வழியில் போனார். பீப்பாயில் ஆவியாகிக் குறைகிற அளவை அவ்வப்போது நிரப்புவது, அடியில் படியும் வண்டலை விட்டுவிட்டுத் தெளிவை வேறு பீப்பாய்க்கு மாற்றுவது என்று பொறுமையான வேலைகள். அடர் நிறத்தில், நாள்பட நிற்கும் சரக்கு கிடைத்தது. அதைத் தோட்டத்தின் பெயரிலேயே விற்றார். 1663 ஏப்ரலில் லண்டன் மதுக்கடை ஒன்றில் அதைக் குடித்த சாமுவேல் பீப்ஸ் என்ற ஆங்கிலேயர், இப்படி ஒரு ருசியைக் கண்டதே இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். பெயரைத்தான் 'ஹோ பிரையன்' ஆக்கிவிட்டார், போகட்டும். 1666-ல் பொன்தாக் தன் மகனை அனுப்பி லண்டனிலேயே கடை போட்டார்.

1961-க்கு வாருங்கள். போர்தோவின் பெரிய தோட்டங்கள் மரத்தொட்டிகளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தபோது, முதலில் எவர்சில்வர் தொட்டி வைத்தது இதே ஓ-பிரியோன்தான். காரணம் சாதாரணம். சாறு நொதிக்கும்போது சூடேறும். சூடு எல்லை மீறினால் ஈஸ்ட் செத்துவிடும், வேலை பாதியில் நிற்கும். எவர்சில்வர் தொட்டியின் மேல் தண்ணீரை ஓடவிட்டே சூட்டைத் தணிக்கலாம்.

அந்தத் தொட்டிக்குள் நடப்பதுதான் விஷயமே. ஒரு கறுப்புத் திராட்சையை விரலால் பிதுக்கிப் பாருங்கள்: சாற்றில் நிறமே இருக்காது. சிவப்பெல்லாம் தோலில். அதனால் கையால் பறித்த பழத்தைக் காம்பு நீக்கி, லேசாக உடைத்து, தோலோடேயே தொட்டியில் விடுகிறார்கள். தோல் மேலே மிதந்து கனத்த மூடிபோல் இறுகிவிடும். அடியிலிருந்து சாற்றை எடுத்து அதன் மேல் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். நிறமும் துவர்ப்பும் இறங்குவது அப்போதுதான். அப்புறம் 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஒன்றரை வருடத்துக்கு மேல் கிடக்கும். கடைசியில் கலங்கலைத் தெளிவிக்க, பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கரு. இது போர்தோவின் பழைய வழக்கம். ஆக, பழசு எதுவுமே இல்லை என்றும் சொல்லவில்லை. உபயோகமானது மட்டும் மிச்சம் இருக்கிறது.

சரி, மாமாவின் பாட்டில். பெரும்பாலான ஒயின்கள் வாங்கிய சில வருடங்களுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுபவை. வைக்கத் தகுந்ததைக்கூடக் குளுமையான இருட்டில் படுக்கப்போட்டு வைப்பார்கள்; கார்க் ஈரமாக இருந்தால்தான் காற்று புகாது. உங்களுடையது கரூர் வெயிலில் 10 கோடை நின்றிருக்கிறது. விலை விசாரிக்கும் முன் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் மாமாவிடம் சொல்ல வேண்டாம்.