92 மதிப்பெண்ணும் பவுசர் ஜூனியரும்

வணக்கம் சார்,

போன மாதம் சேர்த்து வைத்த காசில் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்’ வீடியோ கேம் வாங்கினேன். விமர்சகர்கள் போடும் மார்க்குகளின் சராசரியைக் காட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 92 என்று பார்த்த பிறகுதான் வாங்கினேன். நான் சின்ன வயதில் மாரியோ ஆடியதில்லை, இதுதான் முதல். நன்றாக இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பாஸ் சண்டைகள், அதாவது பெரிய எதிரியோடு மோதும் சண்டைகள், எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றேதான், லெவல்கள் சுலபம், நான்கே நாளில் கடைசி வில்லன் பவுசரை முடித்துவிட்டேன். இதற்கா 92? விமர்சகர்கள் தங்கள் பால்ய நினைவுக்கு மார்க் போடுகிறார்களா? என்னைப் போல வெளியிலிருந்து வருகிறவன் எதை நம்பி வாங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொன்ன குறைகள் உண்மை. உலகத்துக்கு உலகம் (லெவல்களின் தொகுப்பைத்தான் உலகம் என்கிறார்கள்) பவுசரின் மகன், அதே பவுசர் ஜூனியர்தான் வந்து நிற்கிறான், சுற்றி நடக்கும் மாயம் மட்டும் மாறுகிறது, மூன்று தடவை தலையில் மிதித்தால் முடிந்தது. ஆனால் இதை விமர்சகர்கள் மறைத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 2023 அக்டோபரில் கேம் வந்தபோது நான் படித்த மதிப்புரைகளில் பாதிக்கு மேல் இதே புகார் இருந்தது. பாஸ்கள் சப்பை, சில லெவல்கள் கண்மூடித் திறப்பதற்குள் முடிகின்றன, ‘சர்ச் பார்ட்டி’ லெவல்களைத் தனியாக ஆடினால் கண்ணுக்குத் தெரியாத கட்டைகளைத் தேடி ஒவ்வொரு மூலையிலும் குதித்துக்கொண்டே இருக்க வேண்டும், எல்லாம் எழுதியிருந்தார்கள். பத்தாவது பத்தியில் எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். நீங்கள் 92ஐப் பார்த்துவிட்டு வாங்கப் போய்விட்டீர்கள், உங்களைக் குறை சொல்லமாட்டேன், அந்த எண்ணை அத்தனை பெரிதாகப் போடுவதே அதற்குத்தானே.

சரி, அப்படியானால் ஏன் 92? அந்த மார்க் இந்த ஒரு கேமுக்கு மட்டும் போட்டதில்லை. 2006இல் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான டிஎஸ்ஸில் ‘நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வந்தது, 3 கோடிக்கு மேல் விற்றது, 2009இல் டிவியில் இணைத்து ஆடும் வீ கருவியில் அடுத்தது, அதுவும் அதே அளவு விற்றது. அப்புறம் 2012இல் ஒரே ஆண்டில் இரண்டு. அந்த நான்கையும் அடுத்தடுத்து ஆடிப் பாருங்கள், நான் ஆடியிருக்கிறேன்: அதே புல்வெளி, அதே பாலைவனம், அதே பனி, பாட்டில் ஒரு குறிப்பிட்ட இடம் வந்தால் கூம்பாக்கள் என்ற குட்டி எதிரிகள் நின்று துள்ளும் அதே துள்ளல். கைக்கு எந்தக் குறையும் இல்லை, குதித்தால் குதிக்க வேண்டிய இடத்தில்தான் விழுவீர்கள், ஆனால் ஒரு திருப்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று முன்னமே தெரிந்துவிடும். 2012இல் வந்த இரண்டுக்கும் முந்தைய இரண்டைவிட மார்க் குறைந்தது. அதன்பின் பக்கவாட்டில் ஓடும் புதிய மாரியோ வர 11 ஆண்டுகள் ஆயின. விமர்சகர்கள் அந்த 11 ஆண்டுப் பசியோடு உட்கார்ந்தார்கள், நீங்கள் அந்தப் பசி இல்லாமல் உட்கார்ந்தீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, நீங்களும் தவறாகப் பார்க்கவில்லை.

ஆனால் பால்ய நினைவுக்குப் போட்ட மார்க் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பால்ய நினைவுதான் காரணம் என்றால் 2012இலேயே அள்ளிக் கொடுத்திருப்பார்களே.

அவர்களுக்குப் பிடித்தது வேறு. முதல் உலகத்தில் பிரான்ஹா செடிகள் வரும் லெவலை நினைத்துப் பாருங்கள். குழாய்க்குள்ளிருந்து தலையை நீட்டிக் கடிக்க வரும் செடி, 1985 முதல் அது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. லெவலையே மாற்றிப் போடும் வொண்டர் பூவைத் தொட்டதும் செடிகள் குழாயை விட்டு வெளியே வந்து, பாடிக்கொண்டே ஊர்வலமாகப் போகின்றன. என் அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள், கையில் கன்ட்ரோலரைப் பிடித்தபடியே ஓடாமல் நின்றுவிட்டாள், பாட்டு முடியும்வரை. செத்துப்போனதுகூடத் தெரியவில்லை அவளுக்கு. அந்த யோசனையை வைத்து இன்னும் பத்து லெவல் ஓட்டியிருக்கலாம். ஓட்டவில்லை, அடுத்த லெவலில் வேறு ஏதோ வந்தது. இயக்குநர் ஷிரோ மோரியின் குழு ஆரம்பத்தில் கெடு எதுவும் வைத்துக்கொள்ளாமல், ஆளாளுக்குத் தோன்றியதைச் சிறு சீட்டுகளில் எழுதி ஒட்டி, சுமார் 2,000 யோசனைகள் சேர்த்ததாக நிண்டெண்டோவின் பேட்டியில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பொருளைத் தொட்டால் வேறு இடத்துக்குப் போகலாம் என்பதுதான் முதலில் இருந்தது, தயாரிப்பாளர் தகாஷி தெசுகா, 1985இன் முதல் மாரியோவிலேயே வேலை செய்தவர், வேறு இடத்துக்குப் போவதில் என்ன இருக்கிறது, நிற்கிற இடத்தையே மாற்றினால் என்ன என்று கேட்டிருக்கிறார். நாற்பது ஆண்டு பழகிய ஒரு குழாயை, ஒரு செடியை அவர்களே துணிந்து கலைத்தார்களே, அதற்குத்தான் அந்த மார்க். நானாக இருந்தாலும் அதற்குக் கொடுத்திருப்பேன்.

இன்னொன்றும் பாருங்கள். வொண்டர் வருவதற்கு மூன்று நாள் முன்பு, அக்டோபர் 17இல், ‘சோனிக் சூப்பர்ஸ்டார்ஸ்’ வந்தது. வேகமாக ஓடும் முள்ளெலி சோனிக்கின் கேம், அதுவும் பழைய தொடர்தான், 1991இல் தொடங்கியது, அதிலும் லெவல்களைப் பாராட்டி பாஸ்களைத்தான் திட்டினார்கள். ஆனால் மார்க் எழுபதுகளில் நின்றுவிட்டது. ஏனென்றால் சோனிக்கில் பாஸ் சண்டை நீள்கிறது, அடிக்க வாய்ப்பு வரும்வரை தப்பித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும், ஓடுவதற்காகவே பிறந்த ஒருவனை நிறுத்தி வைத்துவிடுகிறது. பவுசர் ஜூனியர் சலிப்பான ஆள்தான், ஆனால் ஒரு நிமிடத்தில் போய்விடுகிறான். குறுகிய சலிப்பை மன்னிப்பார்கள், நீண்ட சலிப்பை மன்னிக்கமாட்டார்கள்.

விமர்சகர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. யாருக்குச் சுலபம் என்று அவர்கள் தெளிவாக எழுதவில்லை. ஆடுவதற்கு மாரியோவுக்குப் பதில் யோஷியையோ நாபிட்டையோ எடுத்துக்கொண்டால் எதிரி தொட்டாலும் அடிபடாது, நேரக் கணக்கை எடுத்துவிட்டார்கள், வீ காலத்தில் நாலு பேர் ஆடினால் ஒருவர்மேல் ஒருவர் இடித்து குழியில் தள்ளுவோமே, அந்த இடியும் இல்லை. எட்டு வயதுக் குழந்தையும் நானும் சண்டையில்லாமல் ஒரு கேமை முடிக்க முடிந்தது இதனால்தான், ஆனால் தனியாக ஆடும் உங்களுக்கு இதே மாற்றங்கள் உப்பில்லாமல் தெரியும். இதை மதிப்புரையின் முதல் பத்தியிலேயே சொல்லியிருக்க வேண்டும், வாங்குகிறவருக்குத் தேவையான தகவல் அது. எதை நம்பி வாங்குவது என்று கேட்டீர்கள். எண்ணை விட்டுவிட்டு, யாரோடு உட்கார்ந்து ஆடினேன் என்று எழுதுகிற ஆளாகத் தேடிப் படியுங்கள்.

ஆனால் மொத்தக் கேமும் சுலபம் என்று சொல்வதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பவுசரோடு நிறுத்திவிட்டீர்கள் போலிருக்கிறது. கடினமான லெவல்கள் உள்ள ஸ்பெஷல் வேர்ல்டின் கடைசியில் பேட்ஜ் மாரத்தான் ஒன்று இருக்கிறது (பேட்ஜ் என்பது அணிந்தால் தனித்திறன் தருவது). ஒவ்வொரு பகுதிக்கும் அவர்களே ஒரு பேட்ஜைக் கையில் கொடுத்து ஓடச் சொல்வார்கள், கடைசிப் பகுதியில் மாரியோவே கண்ணுக்குத் தெரியமாட்டான், எங்கே நிற்கிறோம் என்பதை விரல்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. முடித்துவிட்டு எழுதுங்கள்.