கொடுத்த எழுத்துகள் எல்லாம் வருகிற நீளமான ஆங்கிலச் சொற்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாலைந்து எழுத்து கொடுப்பார்கள், அவை எந்த வரிசையில் வந்தாலும் சரி, நடுவில் வேறு எழுத்து எத்தனை வந்தாலும் சரி, சொல் மட்டும் நீளமாக இருக்க வேண்டும். நீங்கள் கேட்பது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். கையில் உள்ள எழுத்துகளை மட்டுமே வைத்துச் சொல் அமைப்பது ஸ்கிராபிள் என்ற பலகை ஆட்டத்தின் கணக்கு, அதற்கு வழி வேறு.

எனக்கு இதில் கை பழகியது ஓசூர் ரோட்டில். பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு சில்க் போர்டு சந்திப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி நகராத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா மகள் முன்னால் நிற்கிற காரின் நம்பர் பிளேட்டைப் படிப்பாள். "மாமா, கே, ஏ, எம், ஜே. பத்து எழுத்துக்குக் குறையக் கூடாது!" எண்களை விட்டுவிடுவோம், எழுத்து மட்டும்தான் கணக்கு.

இந்த மாதிரி எழுத்துகளைப் பார்த்ததும் எல்லோரும் ஏ-யில் ஆரம்பிக்கிற சொல்லைத் தேடுகிறார்கள். வீண் வேலை. ஏ, ஈ, ஐ, டி, என், எஸ் எல்லாம் நீளமான சொல்லில் கூப்பிடாமலே வந்து சேரும். அரிதான எழுத்தைப் பிடியுங்கள், அதுதான் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று சொல்லும்.

கே-யை எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களில் கே அபூர்வம், அங்கே அந்த ஒலிக்கு சி-யும் கியூ-வும் இருக்கின்றன. ஒர்க், புக், பேக், மார்க், லைக் என்று ஆங்கிலத்தின் பழைய ஜெர்மானியச் சொற்களில்தான் அது நிறைய. அந்தச் சொற்களெல்லாம் குட்டைச் சொற்கள், இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டுதான் நீளும். அதனால் கே வந்தால் கூட்டுச்சொல்லைத் தேடுங்கள். மேலே சொன்ன கே, ஏ, எம், ஜே நாலும் ஜாக்ஹாமரில் இருக்கின்றன, லம்பர்ஜாக்கிலும் இருக்கின்றன, இரண்டுக்கும் பத்து எழுத்து. அன்றைக்கு ஜாக்ஹாமர் சட்டென்று வந்ததற்கு என் புத்திசாலித்தனம் காரணமில்லை, சாலையோரத்தில் அதை வைத்துத்தான் காதைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

கே, ஏ, எம், என் வந்தால் ஒர்க்மேன்ஷிப் 11 எழுத்து, மார்க்ஸ்மேன்ஷிப் 12. இதற்கு மேல் போக ஒரு வால் வேண்டும். எம்பார்க் என்பதில் கே, ஏ, எம் மூன்றும் இருக்கிறது, பின்னால் ஏஷன் சேர்த்தால் என் வந்துவிடும், முன்னால் டிஸ் போட்டால் டிஸ்எம்பார்க்கேஷன், 14 எழுத்து. நடுத்தண்டில் அரிய எழுத்தை வைத்துவிட்டு மீதியைத் தலையிலும் வாலிலும் தள்ளிவிடுவது, மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

ஜே என்றால் ஜெக்ட், ஜங்ட், ஜூரி, ஜட்ஜ் என்று நாலு தண்டை மனதில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஓசூரிலிருந்து வரும் டிஎன் 70 வண்டி முன்னால் நின்றால் எங்களுக்குக் கொண்டாட்டம், ஏனென்றால் டி-யும் என்-னும் ஏஷன் வாலிலேயே இருக்கிறது. அதோடு ஜே வந்தால் அப்ஜெக்டிஃபிகேஷன், 15 எழுத்து. எக்ஸ் என்றால் ஃப்ளெக்ஸ், பிளெக்ஸ், இல்லையென்றால் முன்னால் வருகிற எக்ஸ். கியூ பின்னால் யூ-வைக் கூட்டிக்கொண்டு வரும், அதனால் குவெஸ்ட், குவெண்ட், ஈக்வி என்று போகலாம். இசட் வந்தால் ஐசேஷன் வால், இண்டஸ்ட்ரியலைசேஷன் 17 எழுத்து. ஆனால் நம் பள்ளிக்கூட பிரிட்டிஷ் வழக்கத்தில் அதை எஸ் போட்டும் எழுதுவோம், அப்போது இசட் போய்விடும், ஆட்டத்துக்கு முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பி, எல், ஒய் மூன்றும் சேர்ந்து வந்தால் அபிலிட்டி என்ற ஒரே வால் மூன்றையும் விழுங்கிவிடும்.

நெஸ் சேர்ப்பது எங்கள் வண்டியில் போங்கு ஆட்டம். எந்தப் பெயரடையிலும் ஒட்டும் என்பதால் அதற்கு மதிப்பில்லை. பன்மை எஸ்-ஸும் அப்படித்தான்.

இன்னொன்று, நீளமான சொல் என்றால் நிறைய எழுத்து அடங்கும் என்று நினைக்காதீர்கள். சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு நிமோனோஅல்ட்ரா என்று தொடங்கும் 45 எழுத்துச் சொல் ஒன்று உண்டு, 1935-ல் அமெரிக்கப் புதிர்ச் சங்கம் ஒன்றின் தலைவர் எவரெட் ஸ்மித் நீளத்துக்காகவே உருவாக்கியது. அதில் இருக்கிற வேறுவேறு எழுத்துகள் 14 தான். டி (D) இல்லை, ஹெச் இல்லை, கே-யும் ஒய்-யும் கூட இல்லை. மாறாக, அன்காப்பிரைட்டபிள் என்ற சொல்லில் 15 எழுத்தும் வெவ்வேறு. கைரேகை ஆராய்ச்சியைக் குறிக்கும் டெர்மடோகிளிஃபிக்ஸ் என்பதும் அதே மாதிரி 15. ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்லி 14, அதில் எக்ஸும் ஒய்-யும் சேர்ந்தே கிடைக்கும். இந்த மூன்றையும் எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்து வைத்தால் பல ஆட்டத்தில் கை கொடுக்கும்.

சரி, கம்ப்யூட்டரில் செய்ய வேண்டுமென்றால் இது ஐந்து நிமிட வேலை. மேக், லினக்ஸ் இரண்டிலும் கிரெப் இருக்கிறது, கேட்ட எழுத்து உள்ள வரிகளை மட்டும் எடுத்துத் தரும் கட்டளை அது. வரிக்கு ஒரு சொல்லாக உள்ள சொற்பட்டியலை முதல் எழுத்துக்கு கிரெப் செய்து, வெளியே வருவதைப் பைப் (நிற்கும் கோடு) போட்டு அடுத்த எழுத்துக்கு அனுப்பி, கடைசியில் நீளவாரியாக வரிசைப்படுத்தினால் முடிந்தது. கொடுத்த எழுத்தில் எம் இரண்டு முறை இருந்தால் மட்டும் கவனம், எம்-முக்கு இரண்டு தடவை கிரெப் போட்டால் ஒரே எம் உள்ள சொல்லும் தேறிவிடும். எம், புள்ளி, நட்சத்திரக் குறி, எம் என்று ஒரே பேட்டர்னாகக் கொடுக்க வேண்டும். பைத்தானில் நிரல் எழுதுகிறவர்கள், எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் செட்டுக்குப் பதிலாக, எத்தனை முறை என்று எண்ணும் கவுன்டர் பயன்படுத்துவதும் இதற்காகத்தான்.

நிரலை விடப் பட்டியல்தான் முக்கியம். மேக்கில் கூடவே வருவது 1934-ல் வந்த வெப்ஸ்டர் அகராதியின் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்தது, சுமார் 2.35 லட்சம் சொற்கள். அதில் யாரும் கேள்விப்படாத சொல் குவிந்து கிடக்கும், பன்மைகளும் எட், இங் வடிவங்களும் பெரும்பாலும் இருக்காது. ஸ்கிராபிள் பட்டியல்களில் அவை எல்லாம் இருக்கும், ஆனால் பலகை 15 கட்டம் என்பதால் 15 எழுத்தோடு நின்றுவிடும். இலவசமாகக் கிடைக்கும் எனேபிள் பட்டியல், சுமார் 1.73 லட்சம் சொற்கள், எனக்கு இரண்டுக்கும் நடுவில் தோதாக இருக்கிறது.

கிரெப் எல்லாம் வேண்டாம் என்றால் எக்செல் போதும். பட்டியலை ஒரு நெடுவரிசையில் ஒட்டுங்கள், பத்து லட்சம் வரிக்கு மேல் இடம் இருப்பதால் தாராளமாக அடங்கும். பக்கத்து நெடுவரிசைகளில் எழுத்துக்கு ஒன்றாக, சொல்லில் அந்த எழுத்தைத் தேடும் சர்ச் ஃபார்முலா, கடைசியில் சொல்லின் நீளத்தைச் சொல்லும் லென். பிழை காட்டும் வரிகளை ஃபில்டரில் நீக்கிவிட்டு லென் நெடுவரிசையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள்.