வழிகிற கண்ணும் காய்ந்த கண்தான்

கேள்வி: டாக்டர், எனக்கு 51 வயது. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் சிப் பார்க்கும் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலம் தாண்டி வருகிறேன். மதியத்துக்கு மேல் கண் மணல் விழுந்ததுபோல் உறுத்தி, தண்ணீராகக் கொட்டுகிறது. “ஏன்கா அழுறீங்க?” என்று கேட்கிறார்கள். சிவப்பு போக்கும் சொட்டு மருந்து போட்டால் கொஞ்ச நேரம் சரியாகி, அப்புறம் முன்பைவிடச் சிவக்கிறது. ஃபார்மசியில் ‘கண் வறட்சி’ என்கிறார்கள். இவ்வளவு தண்ணீர் வரும்போது எப்படி? - வாசகி, பிறை

பதில்: அவர்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கும், அம்மா. கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. இமை ஓரத்து மைபோமியன் சுரப்பிகள் அதைத் தருகின்றன. அவை அடைத்துக்கொண்டால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். காய்ந்த கண் எரியும். எரிச்சலைத் தணிக்க உடம்பு தண்ணீரைக் கொட்டும். அது கண்ணில் நிற்காமல் கன்னத்தில் வழியும்.

நிமிடத்துக்குச் சுமார் 15 முறை சிமிட்டும் கண், உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூடச் சிமிட்டாது. ஏர்கோன் காற்றும் மாதவிடாய் நிற்கும் வயதும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

என் அம்மாவுக்கும் இதே தொல்லை. சுடுதண்ணீரில் பிழிந்த துணியை மூடிய கண்மேல் வைக்கச் சொன்னேன். பலனில்லை என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது, துணி இரண்டே நிமிடத்தில் ஆறிவிடுகிறது! ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீரைப் பக்கத்தில் வைத்து, திரும்பத் திரும்ப நனைத்துப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தோம். கை பொறுக்கும் சூடு போதும். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக வருடினோம். ஒரு மாதம் விடாமல் செய்த பிறகுதான் உறுத்தல் குறைந்தது. நீங்களும் பொறுமையாகச் செய்யுங்கள்.

சிவப்பு போக்கும் மருந்தை நிறுத்துங்கள். அது ரத்தக் குழாயைச் சுருக்குகிறதே தவிர வறட்சியைத் தீர்ப்பதில்லை. செயற்கைக் கண்ணீர் வாங்குங்கள்; நாளைக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால், பதப்படுத்தும் ரசாயனம் சேராததாகக் கேளுங்கள். பன்னீர், தாய்ப்பால் எதுவும் வேண்டாம்.

ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வாயும் வறண்டு மூட்டும் வலித்தால் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். கடும் வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல் என்று ஏதாவது வந்தால் அன்றைக்கே போங்கள்.

நாளைக் காலை பாலம் ஏறும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள்.