மறு: உயர மாதிரியில் விளிம்புகள் மட்டும் உயர்ந்து தெரிகின்றன
நிலச்சரிவுப் பகுதியை இரண்டு முறை ட்ரோனால் படமெடுத்து உருவாக்கிய உயர மாதிரிகளில் (ஒவ்வோர் இடத்தின் உயரத்தையும் காட்டும் கணினி வரைபடங்கள்) ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தபோது நடுப்பகுதி தாழ்ந்தும் விளிம்புகள் 30 செ.மீ. உயர்ந்தும் தெரிவதாக எழுதியிருக்கிறீர்கள். அசையாத பாறை முகப்பிலும் அதே உயர்வு இருப்பதால், நிலம் நகரவில்லை, லென்ஸ் திருத்தம் (லென்ஸ் படத்தில் உண்டாக்கும் வளைவை மென்பொருள் சரிசெய்வது) பிசகியதால் மாதிரியே கிண்ணம்போல் குழிந்துவிட்டது என்றே கருதுகிறேன். செங்குத்தாகக் கீழ்நோக்கி மட்டும் படமெடுத்தால் இது அடிக்கடி நேரும். அடுத்த முறை 20 முதல் 30 பாகை சாய்த்தும் படமெடுங்கள். தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (இடமும் உயரமும் துல்லியமாக அளந்து தரையில் குறித்தவை) பாதையோரத்தில் குவிக்காமல் எங்கும் பரப்பி, சிலவற்றைக் கணக்கீட்டில் சேர்க்காமல் சரிபார்ப்புக்கென ஒதுக்குங்கள். (எல்லாவற்றையும் சேர்த்துவிட்டுப் பிழை குறைந்ததென மகிழ்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதான்.) இரு மாதிரிகளிலும் தலா 5 செ.மீ. பிழை இருந்தால், இரண்டும் சேர்வதால் ஏறத்தாழ 14 செ.மீ.க்குக் (1.96 × √(5² + 5²)) குறைவான மாற்றத்தை 95 சதவீத உறுதியுடன் சொல்ல இயலாது. புதர் மூடிய மேற்பகுதிக்கு மட்டும் லேசர் ஸ்கேன் தேவைப்படும். அதன் துடிப்புகளில் சில இலையிடுக்குகள் வழியே தரையைத் தொட்டுத் திரும்பும்.