கரி எஞ்சினை என் கையால் ஓட்டினேன்: டெல்லி நண்பர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

அலுவலக வேலையாக இங்கிலாந்து போயிருந்தபோது, ஒரு சனிக்கிழமையைச் சேர்த்து வைத்துக்கொண்டு செவர்ன் வேலி ரயில்வேக்குப் போய் ஒரு நிஜமான நீராவி எஞ்சினை ஓட்டிவிட்டு வந்தேன். திரும்பி வந்த நாளிலிருந்து ஆர்.கே.புரம் கோயிலில் பார்த்தாலும் கேள்வி, தமிழ்ச் சங்கத்தில் பார்த்தாலும் கேள்வி. ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். எனக்கு இது முப்பது வருஷத்து ஆசை, அதனால் சில பதில்கள் நீளமாகப் போகும்.

மயூர் விஹாரிலிருந்து ஒரு நண்பர்: உள்ளே ஏற்றிவிட யாரைத் தெரிய வேண்டும்? சிபாரிசு ஏதாவது?

யாரையும் தெரிய வேண்டாம். பணம் கட்டி முன்பதிவு செய்தால் போதும். இங்கிலாந்தில் 1960-களில் லாபமில்லை என்று நிறைய கிளைப் பாதைகளை மூடினார்கள். செவர்ன் வேலியில் பயணிகள் ரயில் 1963-ல் நின்றது. 1965-ல் ரயில் பிரியர்கள் சிலர் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்து, 1970-ல் மறுபடி ரயில் விட்டார்கள். இப்போது கிட்டர்மின்ஸ்டரிலிருந்து பிரிட்ஜ்நார்த் வரை 16 மைல் ஓடுகிறது. டிக்கெட் கொடுப்பவர், சிக்னல் இழுப்பவர், கரி போடுபவர் என்று பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பாய்லர் பழுது பார்க்கவே ஏகப்பட்ட பணம் வேண்டும் என்பதால், எங்களைப் போன்றவர்களுக்கு எஞ்சின் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு நடத்துகிறார்கள். அங்கே பல பழைய ரயில் பாதைகளில் இந்த ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் ஈலி ஊரிலும் நீராவி எஞ்சின் ஓட்டலாம், கலிபோர்னியாவின் போர்ட்டோலாவில் டீசல். செலவு கொஞ்சநஞ்சமில்லை. அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போகவில்லை, அந்தக் காசு இதற்குப் போனது. எனக்கு வருத்தமில்லை, அம்மாவுக்கு இருந்தது.

முனிர்க்காவிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, முதன்முதலில் வண்டியை நகர்த்தியபோது எப்படி இருந்தது? ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

தம்பி, ஒன்று விடாமலே சொல்கிறேன். எனக்குக் கிடைத்தது கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் 5700 வகை, பாய்லரின் இரண்டு பக்கமும் பொதி மூட்டை மாதிரித் தண்ணீர்த் தொட்டி தொங்கும் சின்ன எஞ்சின். 1929 முதல் 1950 வரை 863 எஞ்சின் கட்டினார்கள் என்றால் எவ்வளவு உழைத்த வகை என்று பார்த்துக்கொள். எடை ஏறக்குறைய 47 டன், பின்னால் மூன்று பெட்டி. அந்தக் கம்பெனி எஞ்சினில் டிரைவர் வலது பக்கம் நிற்க வேண்டும். பக்கத்திலேயே அவர்களுடைய டிரைவர் ஒரு பெரியவர், அந்தப் பக்கம் கரி போட்டுத் தண்ணீரைக் கவனிக்கும் ஃபயர்மேன். நம்மைத் தனியாக ஒரு நொடிகூட விடமாட்டார்கள்.

ஏறியதும் முதலில் வருவது சூடு. முழங்காலுக்கு நேரே கரி எரியும் ஃபயர்பாக்ஸ், முதுகில் இங்கிலாந்துக் குளிர். கரிப்புகை, சூடான எண்ணெய், ஈர ஆவி மூன்றும் கலந்த அந்த வாசனை, சின்ன வயதில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மூக்கில் ஏறியதேதான். அதை இத்தனை வருஷம் கழித்து இவ்வளவு தூரத்தில் மறுபடி முகர்வேன் என்று நான் நினைக்கவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் சிலிண்டரின் வடிகால் குழாய்களைத் திறக்க வேண்டும். நின்றிருந்த எஞ்சினுக்குள் ஆவி குளிர்ந்து தண்ணீராகி இருக்கும், தண்ணீரை அமுக்க முடியாது, அப்படியே பிஸ்டனைத் தள்ளினால் சிலிண்டரின் மூடியே உடைந்துபோகும். கிளம்பும்போது எஞ்சினின் முன்பக்கம் ‘புஸ்ஸ்’ என்று வெள்ளையாக ஆவி பீய்ச்சுமே, அது இதுதான். அப்புறம் இடுப்புயரக் கம்பியை முன்னால் தள்ளி முன்னோக்கி ஓடும் கியரில் போட்டேன். வேக்குவம் பிரேக்கை விடுவித்து, கை பிரேக்கையும் எடுத்து, விசில் ஒன்று கொடுத்து, சிலிண்டருக்கு ஆவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டர் கைப்பிடியைக் கொஞ்சமாக நகர்த்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காத இரண்டு மூன்று விநாடியில்தான் எல்லாப் புதியவர்களும் தப்பு செய்கிறார்கள், நானும் செய்தேன், இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். ஆவி குழாயை நிரப்பி சிலிண்டருக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும், நமக்கோ பொறுமை இல்லை. சேர்ந்த ஆவி மொத்தமும் ஒரே நேரத்தில் உதைத்ததில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று, புகைபோக்கி படபடவென்று அடித்தது. பெரியவர் கத்தவில்லை. என் கையின்மேல் கை வைத்து ரெகுலேட்டரை மூடினார், மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னார். இரண்டாவது தடவை ஒரு நூல் அளவுதான் திறந்தேன், காத்திருந்தேன். அப்போது காலுக்குக் கீழே இருந்த இரும்புத் தகடு லேசாக அதிர்ந்தது, பிளாட்பாரத்து விளக்குக் கம்பம் ஒன்று மெதுவாகப் பின்னால் போனது. எஞ்சின் நகர்கிறது என்று அந்தக் கம்பத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது தம்பி, அதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

துவாரகாவிலிருந்து: ஸ்டியரிங் கிடையாது, தண்டவாளமே வழி காட்டுகிறது. அப்புறம் கற்றுக்கொள்ள என்னதான் இருக்கிறது?

நிறுத்துவது! அன்று முழுக்க நான் கற்றுக்கொண்டது அதைத்தான். இரும்புச் சக்கரம் இரும்பின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ரெகுலேட்டரை மூடிவிட்டாலும் வண்டி பாட்டுக்கு உருண்டுகொண்டே இருக்கும். காரில் காலை எடுத்தால் வேகம் குறைவது தெரியும், இங்கே அது தெரியவே தெரியாது.

வேக்குவம் பிரேக்கில், வண்டி முழுக்க ஓடும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால்தான் பிரேக் விடும். இந்தக் கம்பெனி எஞ்சினில் வெற்றிடத்தை அளக்கும் முள் 25 அங்குலத்தில் நிற்க வேண்டும். காற்றை உள்ளே விட்டால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தாலும் காற்று புகுந்து தானாகவே பிடித்துவிடும், அதுதான் இதன் அழகு. ஆனால் பிடித்த பிரேக்கை விடுவிக்க மறுபடி காற்றை உறிஞ்ச நேரம் ஆகும். நான் பயந்துபோய் அதிகமாகப் பிடித்து, பிறகு விட்டு, அது விடுவதற்குள் வண்டி குறி வைத்த கம்பத்துக்கு ரொம்ப முன்னாலேயே நின்றுவிட்டது. அடுத்த முறை தயங்கி, ஒரு பெட்டி நீளம் தாண்டிப் போனேன். இத்தனைக்கும் அங்கே அதிகபட்ச வேகமே மணிக்கு 25 மைல், நம் கணக்கில் 40 கி.மீ.

நம் ஊரில் இப்போது காற்றழுத்த பிரேக். பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருந்தால் பிரேக் விட்டிருக்கிறது, குறைத்தால் பிடிக்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மாதிரி ஒரு முழு வண்டியை மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் கொண்டுவந்து பிளாட்பாரத்தில் சரியான இடத்தில் நிறுத்தும் அந்த லோகோ பைலட், அதாவது ரயில் டிரைவர், ஸ்டேஷன் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே பிரேக் போட ஆரம்பித்துவிடுகிறார். முன்கூட்டியே எச்சரிக்கும் டிஸ்டன்ட் சிக்னலை, வண்டி நிற்க வேண்டிய சிக்னலுக்குக் குறைந்தது 1 கி.மீ. முன்னால் வைத்திருப்பதும் அதற்காகத்தான். இனிமேல் புது டெல்லியில் இறங்கும்போது எஞ்சின் வரை நடந்துபோய் அவரைப் பார்த்து ஒரு தலையசைப்பாவது செய்வேன் என்று முடிவு செய்திருக்கிறேன்.

லட்சுமிபாய் நகரிலிருந்து: கரி அள்ளிப் போட்டீர்களா?

போட்டேன். எறிவதல்ல, வைப்பது. எரியும் கரிப் படுகையில் ஓட்டை விழுந்த இடம் பார்த்து அங்கே கரி போய்ச் சேர வேண்டும், ஆடும் தரையில் நின்றுகொண்டு. அதைவிட முக்கியம் கண்ணாடிக் குழாயில் தெரியும் தண்ணீர் மட்டம். தண்ணீர் இறங்கி ஃபயர்பாக்ஸின் மேல்தகடு வெளியே தெரிந்தால் தகடு பழுக்கக் காய்ந்து பாய்லரே வெடிக்கலாம். அதற்குக் காவலாக ஈயம் வைத்த அடைப்பான் ஒன்று இருக்கிறது, அது உருகி ஆவி நெருப்பின்மேல் பீய்ச்சும். அது உருகும் அளவுக்கு விடுவது ஃபயர்மேனுக்குப் பெரிய அவமானமாம். அங்கே தொண்டர்கள்கூட எஞ்சின் துடைப்பதில் ஆரம்பித்து, ஃபயர்மேனாகி, பல வருஷம் கழித்துத்தான் டிரைவர் ஆகிறார்கள். அவ்வளவு காத்திருந்து பெற்ற இடத்தில் என்னை ஒரு மணி நேரம் நிற்க விட்டார்கள்.

ஃபரீதாபாத்திலிருந்து: என் சித்தப்பா லோகோ பைலட். அவரோடு ஒரு ஸ்டேஷன் தூரம் எஞ்சினில் போய்ப் பார்க்கலாமா? யாருக்கும் தெரியாது.

வேண்டாம். தயவுசெய்து கேட்காதீர்கள், அவர் உங்கள்மேல் உள்ள பாசத்தில் சரி என்று சொல்லிவிடக்கூடும். அனுமதி இல்லாதவர் எஞ்சினில் பயணம் செய்வது 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 156-வது பிரிவில் வருகிறது. உங்களுக்கு அபராதத்தோடு போகலாம், அவருடைய வேலையே போய்விடக்கூடும். சட்டத்தை விடுங்கள், அவருடைய வேலையை நினைத்துப் பாருங்கள். நம் எஞ்சின்களில் விஜிலன்ஸ் கருவி ஒன்று இருக்கிறது. டிரைவர் 60 விநாடி எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு மின்னும், பிறகு பஸ்ஸர் அடிக்கும், அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் தானாகப் பிடித்துவிடும். ஒரு நிமிஷம்கூட கவனம் பிசகக் கூடாது என்று கட்டப்பட்ட இடம் அது. சிக்னலை அவர் உரக்கச் சொல்ல, உதவியாளர் திருப்பிச் சொல்ல வேண்டும். கரண்ட் எஞ்சின் என்றால் மேல்கம்பியில் மின்சாரம் இல்லாத துண்டு வரும்போதெல்லாம் பிரேக்கர் என்ற மின் சுவிட்சை அணைத்து மறுபடி போட வேண்டும். அங்கே நீங்கள் நின்று ‘இது என்ன சித்தப்பா’ என்று கேட்டால்?

அதே முனிர்க்கா மாணவர்: அப்படியென்றால் வேலையாகவே சேர்ந்துவிடலாம் என்று நினைக்கிறேன் அண்ணா. வழி சொல்லுங்கள்.

நல்ல முடிவு. பத்தாவதோடு, அறிவிப்பில் சொல்லும் பிரிவில் ஐடிஐ, அல்லது மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் போன்றவற்றில் டிப்ளமோ, பொறியியல் பட்டம் இருந்தால் ரயில்வே தேர்வு வாரியத்தின் உதவி லோகோ பைலட் தேர்வு எழுதலாம். கேள்வித்தாள் தமிழிலும் உண்டு. இரண்டு கட்டக் கணினித் தேர்வுக்குப் பிறகு, கவனத்தையும் நினைவையும் சோதிக்கும் தனித் தேர்வு ஒன்று இருக்கிறது. பிறகு உதவியாளர், ஷண்டிங், கூட்ஸ், பாசஞ்சர், மெயில் என்று படிப்படியாக ஏற வேண்டும்.

ஆனால் ஒன்று, பயிற்சி மையத்துக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் நல்ல கண் டாக்டரிடம் போ. ஏ-1 மருத்துவத் தகுதி வேண்டும். கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6, நிறக்குறைபாடு துளியும் கூடாது, பார்வையைச் சரிசெய்யும் லேசிக் லேசர் சிகிச்சை செய்திருந்தால் எடுக்கமாட்டார்கள். எழுத்துத் தேர்வில் பாஸாகி, நிறப் புள்ளி அட்டையில் எண் தெரியாமல் திரும்பி வந்து அழுத பையன் ஒருவனை எனக்குத் தெரியும். அவனிடம் யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

கரோல் பாகிலிருந்து ஒரு மாமி: என் பேத்திக்கு ஒன்பது வயசு, ரயில் பைத்தியம். லண்டனுக்கெல்லாம் எங்களால் போக முடியாது. இங்கேயே ஏதாவது உண்டா? பொண்ணுங்க எஞ்சின் ஓட்ட முடியுமா என்றும் கேட்கச் சொன்னாள்.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன் மாமி, அவள் அதற்குத்தான் காத்திருப்பாள். மகாராஷ்டிராவின் சதாராவைச் சேர்ந்த சுரேகா யாதவ், ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர். 1989-ல் உதவி ஓட்டுநர் ஆனார். 2011 மார்ச் 8 அன்று புனே-மும்பை டெக்கான் குவீனை ஓட்டினார், 37 அடிக்கு 1 அடி ஏறும் போர் காட் மலைச்சரிவு வழியாகப் போகும் வண்டி அது. 2023-ல் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத்தையும் ஓட்டினார். அவருக்குப் பின்னால் நாடு முழுக்க நிறையப் பெண்கள் வந்துவிட்டார்கள். இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

இடம் என்றால் நம் சாணக்கியபுரி ரயில் மியூசியம் இருக்கிறதே, 1977-ல் திறந்தது. உள்ளே டீசலுக்கும் நீராவிக்கும் தனித்தனி சிமுலேட்டர் இருக்கிறது, குழந்தையே உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கலாம். இங்கிலாந்து போவதற்கு முன் நானும் அதில்தான் பழகினேன். சூடும் அதிர்வும் அதில் வராது, ஆனால் பிரேக் போட்ட பிறகும் வண்டி ஓடிக்கொண்டே இருப்பது நன்றாகப் புரியும். ஒரு சக்கரம் தண்டவாளத்திலும் ஒரு சக்கரம் தரையிலும் ஓடும் பாட்டியாலா மோனோ ரயிலை மறக்காமல் காட்டுங்கள், இந்த மாதிரி வண்டி பார்க்கக் கிடைப்பது அபூர்வம். இன்னொரு நாள் முழுசாக ஒதுக்க முடிந்தால் ரேவாரி போகலாம், ஏறக்குறைய 80 கி.மீ. 1893-ல் கட்டிய நீராவி ஷெட், 1855-ல் செய்த ஃபேரி குவீனும் சினிமாக்களில் வந்த ‘அக்பர்’ எஞ்சினும் அங்கேதான் நிற்கின்றன.

சிமுலேட்டருக்குத் தனி டிக்கெட், ஞாயிற்றுக்கிழமை வரிசை நீளமாக இருக்கும், திங்கள் விடுமுறை. வருகிற சனிக்கிழமை காலை நானே அங்கே போகிறேன். பத்து மணிக்குக் கேட் பக்கம் வந்துவிடுங்கள் மாமி, முதல் ஆளாக அவளை உட்கார வைத்துவிடலாம்.